வேட்டி தனி, சேலை தனி

ஜனவரி 8, புதன்

மெஷின் வந்துவிட்டது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த வகை. தூக்கிவந்த இரண்டு ஆட்களும் வாசல்படியில் இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். கனமாக இருப்பது நல்லதுதான். கனமில்லாத மெஷின் ஓடும்போது வீட்டையே சுற்றிவரும்.

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சப் ஸ்டேஷனுக்கு எது புதிதாக வந்தாலும் முதல் நாளிலிருந்தே அதற்கு ஒரு லாக் புத்தகம் போடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் சொசைட்டியில் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். இதில் மெஷினைப் பற்றி மட்டுமே எழுதப்போகிறேன். சொந்தக் கதை, சோகக் கதை எதுவும் இதில் வராது.

வாங்கியது மகன் பிரபுவும் மருமகள் கவிநயாவும். மாமியாருக்கு முழங்கால் வலியாம், அதற்காகவாம். வைத்த இடம் பின்கட்டுப் பொடக்காளியில், தகரக் கூரைக்குக் கீழே. பொருத்த வந்த ஆள் கவிநயாவின் போனை வாங்கி என்னவோ காட்டிக்கொண்டிருந்தான். நான் அங்கே நிற்கவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு எர்த் பார்க்கப் போய்விட்டேன். எர்த் சரியில்லாத மெஷினும் கட்டுத்தறி இல்லாத மாடும் ஒன்றுதான்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே ஒரு சட்டம் சொன்னேன். மெஷின் ஒன்றானாலும் என் வேட்டி தனி, பெண்டுகள் சேலை தனி. சேர்த்துப் போடக்கூடாது. எங்கள் கொங்குக் கல்யாணங்களில் சீர் செய்துவைக்கிற அருமைக்காரன் நான். என் அப்பாவும் அப்படித்தான். அவர் வேட்டி எந்தத் துணியோடும் சேர்ந்து நனைந்ததில்லை.

"சரீங்க மாமா" என்றாள் கவிநயா.

"ஆமா, பெரிய பட்டத்து ராசா வேட்டி" என்றாள் என் வீட்டுக்காரி மரகதம்.

ஒரு விஷயத்தை இங்கேயே எழுதி முடித்துவிடுகிறேன். போன மாதம் ஈரோட்டில் எனக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. குழாயும் எடுத்தாகிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன். அதற்கும் இந்த மெஷினுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

விடியலில் சோதனை ஓட்டம். ஒரு பெட்ஷீட், ஒரு வேட்டி. முடிந்ததும் மெஷின் சின்னதாக ஒரு பாட்டுப் பாடுகிறது. அதை நிறுத்துகிற பொத்தானைக் கண்டுபிடித்து நிறுத்தினேன்.

ஜனவரி 10, வெள்ளி

விடியலில் சோதனை ஓட்டம். ஒரு பெட்ஷீட், ஒரு வேட்டி.

ஜனவரி 12, ஞாயிறு

சோதனை ஓட்டம். ஒரு பெட்ஷீட், இரண்டு வேட்டி.

மரகதம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தெனமும் என்னத்தைங்க சோதிக்கறீங்க?"

"வாரண்டி இருக்கறப்பவே ஓட்டிப் பாத்தாத்தான் கோளாறு தெரியும். உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கு என்னத்தப் புரியும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் முன்னறையில் தனிக் கட்டிலில் படுக்கிறேன். என் குறட்டை அவளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்பதற்காக. முப்பத்தைந்து வருடமாக அவள் அந்தக் குறட்டையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை என்பது வேறு.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

இன்று ஒரு காரியம் நடந்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

கவுந்தப்பாடியிலிருந்து சேக்காளி ஈஸ்வரமூர்த்தி வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய். மகளுக்கு மார்ச் பதினாறில் முகூர்த்தம்.

"சென்னியப்பா, உன்ற கையிலதான் என்ற புள்ளைக்குச் சீர் நடக்கோணும். வேற ஆளு வெச்சு நடத்தறதா இருந்தா நான் கல்யாணத்தையே தள்ளி வெச்சுக்குவேன்" என்று தட்டை நீட்டினான்.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டு கையும் தானாக நீண்டுவிட்டது. வெற்றிலையை வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. மரகதம் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 16, வியாழன்

மெஷினைப் பற்றி மட்டும் எழுதுவேன் என்றேன். இன்று ஒரு நாள் தவறுகிறேன்.

எனக்கு மூத்திரம் நிற்கவில்லை. இருமினால், தும்மினால், குனிந்து நிமிர்ந்தால் சொட்டுகிறது. படுத்தால் விரிப்பு நனைகிறது. டாக்டர் முதலிலேயே சொன்னார், சிலருக்கு மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம், அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிற தசையை இறுக்கி விடுகிற பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்று. மரகதத்திடம் கொஞ்சமாகத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மற்றவர்களிடம் அதுவும் இல்லை.

அருமைக்காரன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சுத்தமாக மணவறையில் ஏற வேண்டும். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கையைச் சேர்த்து வைப்பது நான். மூத்திரம் பட்ட துணியோடு அந்தக் கையைத் தொட்டேன் என்றால் அது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயாப்பர் விற்கிறான். கட்டிக்கொள்ளலாம். ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. உள்ளே நனைந்தாலும் நனைந்ததுதான்.

முடியாது என்று ஈஸ்வரமூர்த்தியிடம் சொல்லலாம். ஏன் என்று கேட்பான். அதற்குப் பதில் சொல்வதைவிட மார்ச் பதினாறுக்குள் இதை நிறுத்திக் காட்டுவது சுலபம். நிறுத்துகிறேன். மானத்தோடு நிற்கிறேன்.

விடியலில் ஒரு பெட்ஷீட், ஒரு வேட்டி.

ஜனவரி 21, செவ்வாய்

மெஷினால் ஒரு பெரிய உபயோகம் கண்டுபிடித்திருக்கிறேன்.

டாக்டர் சொன்ன பயிற்சியில் எனக்கு ஒரு தகராறு. எவ்வளவு நேரம் இறுக்குவது, எவ்வளவு நேரம் விடுவது என்று எண்ணிக்கொண்டே இருந்தால் நடுவில் வேறு நினைப்பு வந்துவிடுகிறது. கரண்ட் பில், எதிர்வீட்டுக்காரன் சுவர், இப்படி. இன்று விடியலில் மெஷின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். டிரம் ஒரு பக்கம் சுற்றும், நிற்கும், மறுபக்கம் சுற்றும், நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குப் பொறி தட்டியது. சுற்றும்போது இறுக்கு. நிற்கும்போது விடு. எண்ணவே வேண்டாம். துணி துவைத்து முடிக்கிறவரை எனக்கும் பயிற்சி.

கடைசியில் பிழிகிற ஓட்டம் இருக்கிறதே, அது நிற்கவே நிற்காது. அதோடு போட்டி போட்டுப் பார்த்தேன். பாதியில் தோற்றேன். மெஷினுக்கு மோட்டார் புதுசு.

மரகதம் காபியோடு வந்து, "டிவியாட்ட உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறீங்க" என்றாள்.

"சுத்தறதுல எதாச்சும் ஆட்டம் இருக்குதான்னு பாக்கறேன்."

"உங்க மூஞ்சி என்னுங்க இப்படிச் செவந்து கெடக்குது?"

இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பயிற்சி நடக்கிறது. பகலில் முன்னைக்கு இப்போது தேவலை. உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. எழுந்தால்தான்.

மெஷின் கம்பெனிக்காரன் நல்ல கம்பெனிக்காரன். நேற்று கவிநயா ஒரு பெட்டி கொண்டுவந்து மரகதத்திடம் கொடுத்தாள். உள்ளே மெத்தைக்குப் போடுகிற உறை. மேலே துணி, அடியில் ரப்பர் மாதிரி, ஒரு சொட்டும் கீழே இறங்காது. மெஷின் வாங்கினவர்களுக்கு ஆஃபராம். வீட்டில் மூன்று மெத்தை இருந்தாலும் அளவு என் கட்டிலுக்குத்தான் சரியாக இருந்தது. சோப்புத் திரவமும் அப்படித்தான். தினமும் ஊற்றுகிறேன், புட்டி குறைந்தபாடில்லை. ஒரு மூடி ஊற்றினால் போதும், சிக்கனமான சாமான்.

மெஷினைப் பற்றிக் குறை இல்லை. மருமகளைப் பற்றித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியலில் முதல் ஆளாய்க் கீழே வந்து வாசல் தெளிப்பாள். மெஷின் வந்ததிலிருந்து ஏழு மணிக்கு முன்னால் தலையே தெரிவதில்லை. துணி துவைக்கிற வேலை இல்லையென்றதும் சொகுசு வந்துவிட்டது. வாசலை மரகதம்தான் காலை இழுத்துக்கொண்டு தெளிக்கிறாள்.

"உன்ற மருமவளுக்கு ஏழு மணிக்குத்தான் விடியுதாட்ட இருக்குது" என்றேன்.

மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவ கம்ப்யூட்டர்ல வேல பாக்கற புள்ள. அசந்து தூங்கட்டும் உடுங்க" என்றாள். இவளும் அவளுக்குக் கட்சி.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

சென்னிமலையில் பிறந்தவன் தைப்பூசத்துக்கு மலையேறாமல் வீட்டில் இருந்தது இந்த வருடம்தான். பிரபு காரில் கூட்டிப்போகிறேன் என்றான். கூட்டம் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்காமல் அடிவாரம் வரை நடந்தேன். பேக்கரியில் பழைய ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். நான் இப்போதெல்லாம் வெளியே அரை டீதான், அதிலும் பாதியை வைத்துவிடுவேன். ரங்கசாமி ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பில் போய்விட்டது.

தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் காவடி. முருகா என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து துணியைப் போட்டேன். மெஷினின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். இதையும் எழுதுகிறேன், லாக் புத்தகத்தில் லைன் ட்ரிப் ஆகி நின்றதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் டிரம் சுற்ற ஆரம்பித்தது. இறுக்கினேன்.

பிப்ரவரி 12, புதன்

ஒரு பெட்ஷீட், ஒரு வேட்டி. பயிற்சி.

பிப்ரவரி 20, வியாழன்

பிழிகிற ஓட்டத்தில் இன்று பாதியைத் தாண்டினேன்.

மெஷினில் ஒரு வசதி இருக்கிறது, இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை. திருகைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம். கடைசியில் ஒரு புள்ளியில் வைத்தால் சுடுதண்ணீர், அதிக அலசல் எல்லாம் தானே வருகிறது. பெட்ஷீட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி. மெஷின் தானாகப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் என்று பிரபு ஒரு தரம் சொன்னான். நல்ல மெஷின்.

பிப்ரவரி 28, வெள்ளி

மரகதம் மருந்துக் கடைப் பொட்டலம் ஒன்றைக் கட்டிலில் வைத்தாள். பிரிக்காமலே தெரிந்தது.

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் கட்டிக்குங்க. ஆரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்."

"அப்ப வெத்தலையை ஏனுங்க வாங்குனீங்க?"

"வாங்கிட்டேன். நிப்பேன்."

"அடம். உங்க ஆயி பெத்ததுல அடம் பாதி, நீங்க பாதி" என்று சொல்லிப் பொட்டலத்தைப் பரண்மேல் வீசினாள். கோபத்தில் அவள் முழங்கால் வலியெல்லாம் மறந்து முக்காலியில் ஏறிவிட்டாள். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். பயிற்சிக்கு அது வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

பகலில் நின்றுவிட்டது. இருமல், தும்மல், எழுவது, எல்லாவற்றுக்கும் பிடித்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று பாக்கி. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை.

தாரை வார்க்கும்போது செம்பிலிருந்து தண்ணீர் விழும். பொண்ணைப் பெற்றவர்கள் ஊற்றுவார்கள், நான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

அதனால் பொடக்காளிக் குழாயை மெல்லத் திறந்துவிட்டு, கீழே குடத்தை வைத்து, முன்னால் நின்றேன். முதல் தடவை ஓடினேன். இரண்டாவது தடவையும் ஓடினேன். மூன்றாவது தடவை குடம் பாதி நிறையும்வரை நின்றேன்.

மரகதம் வந்து பார்த்தாள். "ஏனுங்க, கொழாய்கிட்ட சண்டையா?"

"தண்ணி ப்ரஷர் பாக்கறேன். மெஷினுக்கு."

"குடம் நெம்பி வழியுது, பாருங்க."

நான் குடத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றேனா இல்லையா? நின்றேன்.

மார்ச் 13, வியாழன்

பகல் சுத்தம். ராத்திரிதான் விடமாட்டேன் என்கிறது. நேற்றும் நனைந்தது, கொஞ்சம்தான், ஆனாலும் நனைந்தது. ஒரு பெட்ஷீட், ஒரு வேட்டி.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்திலேயே படுக்க வேண்டும். ஜமக்காளத்தில், எல்லோரோடும். ஈஸ்வரமூர்த்தி எனக்குப் பக்கத்தில்தான் படுப்பான்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நாளையும் நனைந்தால் அவனுக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன். காரணம் கேட்டால் காரணத்தையும் சொல்லிவிடுவேன். வாக்கை உடைப்பவன் காரணத்தையும் சேர்த்துத்தான் உடைக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. விரிப்பைத் தடவினேன். மறுபடி தடவினேன். எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது? மரகதத்துக்கே பாதிதான் தெரிந்த நோய் ஒருவருக்கும் தெரியாமல் தீர்ந்திருக்கிறது.

அப்போது கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கவிநயா. தலை வாரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, உடம்புக்கு எதாச்சும் பண்ணுதுங்களா?"

"எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான இருக்கறேன். ஏன்?"

"இல்லீங்க, மணி ஏழாச்சு. இன்னைக்கு மெஷின் ஓடலீங்களே. எனக்குப் பயமாப் போச்சுங்க."

"மாடியில இருக்கற உனக்கு மெஷின் ஓடலைன்னு எப்படித் தெரியும்?"

கையிலிருந்த போனைப் பின்னால் மறைத்தாள். நான் மறுபடி கேட்டேன்.

"துணி முடிஞ்சா இதுல சத்தம் வருமுங்க மாமா. மாட்ட வந்தவரு அன்னைக்கே வெச்சுக் குடுத்துட்டாருங்க."

"அன்னையிலிருந்து தெனமுமா?"

"தெனமுமுங்க. நிறுத்திரலாம்னுதான் பாத்தேன். நீங்க இருட்டுல ஒத்தையா அங்க நிக்கறீங்க, ஈரத்துல வழுக்கி உழுந்துட்டா ஆருக்கும் தெரியாதேன்னு உட்டுட்டேனுங்க."

பொத்தானை அமுக்கி இங்கே பாட்டை நிறுத்தினேன். அது மாடியில் போய்ப் பாடியிருக்கிறது, பொங்கலுக்கு முன்னாலிருந்து.

"அப்ப நீ ஏழு மணி வரைக்கும் கீழ வராதது..."

"நீங்க காயப்போட்டுட்டு உள்ள வரட்டும்னுதானுங்க மாமா. முன்னாடியே வந்தா உங்களுக்குச் சங்கட்டமா இருக்குமில்லீங்க."

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெண் படியேறிப் போகிற காலடிச் சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது. மெத்தை உறை ஆஃபரில் வரவில்லை. புட்டி தானாக நிறையவில்லை. திருகில் அந்தப் புள்ளியை மெஷின் கற்றுக்கொள்ளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் போர்மேன்.

மார்ச் 15, சனி

ராத்திரியும் நனையவில்லை. சந்தோஷப்பட முடியவில்லை. காலையில் சாப்பிடவும் இல்லை.

மரகதத்திடம், "ஈஸ்வரமூர்த்திக்குப் போன் போடு. வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு" என்றேன்.

"நனஞ்சிருச்சுங்களா?"

"இல்ல. காஞ்சுதான் கெடக்குது."

"அப்பறம் என்ன கேடு?"

"மருமவளுக்குத் தெரிஞ்சு போச்சு. மொதல்லயிருந்தே தெரியுமாம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ முன்னால மணவறை ஏறுவேன்?"

மரகதம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"உங்கம்மா கடேசில படுக்கையில கெடந்தாங்களே, ஆரு சுத்தம் பண்ணுனது?"

"நீதான்."

"பண்ணிப்போட்டு அடுத்த நாள் அதே கையில உங்களுக்குச் சோறு போட்டனே, தின்னீங்களா இல்லையா? உங்கம்மா மானம் போயிருச்சுன்னு நான் நெனச்சனா? ஊருல ஒருத்தர்கிட்டயாச்சும் வாயத் தொறந்தனா?"

"இல்ல."

"அவளும் தொறக்கல. கட்டுன புருசன்கிட்டக்கூடச் சொல்லல. பிரபுவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எங்கிட்ட மட்டுந்தான் வந்து, மாமாவுக்கு மெத்தை ஒறை வாங்கலாமுங்களா அத்தைன்னு கேட்டா. அந்தப் புள்ளையப் போயி சொகுசுன்னீங்க."

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வாங்க. மண்டபத்துக்கு நேரமாச்சு" என்று கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்தபோது என் வேட்டி மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருந்தது. கட்டினேன். காரில் ஏறினேன்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஜமக்காளத்தில் படுத்தேன், ஆனால் தூங்கவில்லை. தூங்கினால்தானே வம்பு. ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் படுத்து எனக்கும் சேர்த்துக் குறட்டை விட்டான். விடியலில் குளித்து, ஈரம் துடைத்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி மணவறை ஏறினேன். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மரகதம், பக்கத்தில் கவிநயா. மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். என்னைப் பார்க்காமல் மேளக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீர் ஒவ்வொன்றாக நடந்தது. கைகளுக்கு வேலை வந்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. குனிந்தேன், நிமிர்ந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். ஒன்றும் இல்லை. சாம்பிராணிப் புகையில் இரண்டு தும்மல்கூட வந்தது. பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் தாரை. பொண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்தேன். ஈஸ்வரமூர்த்தி செம்பை எடுத்தான். அவன் கை நடுங்கியது, மகளைக் கொடுக்கிற கை. அதனால் தண்ணீர் ஒரேயடியாக விழாமல் மெல்ல மெல்ல, நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. சத்தம் காதுக்குள் போயிற்று. அடிவயிற்றில் அந்தப் பழைய இளக்கம்.

மெஷினை நினைத்தேன். டிரம் சுற்றுகிறது. இறுக்கு. இன்னும் சுற்றுகிறது. விடாதே. அவன் ஊற்றி முடிக்கிறவரை அது பிழிகிற ஓட்டம், நடுவில் நிற்காது. நான் அந்த இரண்டு பிள்ளைகளின் கையை என் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நேராக நின்றேன். செம்பு காலியாயிற்று. என் கையில் விழுந்தது தாரைத் தண்ணீர் மட்டும்தான். வேட்டி காய்ந்திருந்தது.

ஈஸ்வரமூர்த்தி அழுதான். நானும் அழுதேன். அவன் எனக்கு வேறு காரணம் வைத்துக்கொண்டிருப்பான்.

பந்தியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மோர் குடி, பாயசம் குடி என்று ஊற்றினான். காரில் ஏறக் காலைத் தூக்கி வைத்தேன், போய்விட்டது. எல்லாம் முடிந்த தைரியத்தில் உடம்பு கையை விட்டுவிட்டது. பிரபு அந்தப் பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான்.

"கண்ணு" என்று கூப்பிட்டேன். கவிநயா திரும்பினாள்.

"அந்தப் பையில வேட்டிதான இருக்குது?"

"ஆமாங்க மாமா."

"குடு. மாத்திக்கிட்டு வாரேன்."

கொடுத்தாள். வாங்கினேன். இவ்வளவுதான். இதற்கா இரண்டு மாதம்.

மார்ச் 18, செவ்வாய்

கல்யாணத் துணி எல்லாம் குவிந்து கிடந்தது. ராத்திரி மறுபடி கொஞ்சம் நனைந்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, தீர்ந்துகொண்டு வருகிறது. விடியலில் என் வேட்டிகளைப் போட்டுக் கதவை மூடப்போனவன் நிறுத்தினேன். மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டேன்.

"கவிநயா, முழிச்சிருக்கறதான? உங்க துணியையும் எடுத்துக்கிட்டு வா. ரெண்டு தரம் ஓட்டுனா தண்ணி தெண்டம்."

படியில் காலடி. ஒரு கூடை நிறையத் துணியோடு வந்தாள். பின்னால் மரகதமும் வந்து நின்றுகொண்டாள், வேடிக்கை பார்க்க.

"உங்க வேட்டி கூடவா மாமா?"

"எங்கூடத்தான்."

நானே எல்லாவற்றையும் வாங்கி உள்ளே திணித்தேன். வழக்கமான கடைசிப் புள்ளியில் திருகை வைத்தேன். மெஷின் ஓடியது. நான் முக்காலியில் உட்கார்ந்து பயிற்சியைப் பார்த்தேன். கவிநயா வாசல் தெளிக்கப் போனாள். இந்த முறை பாட்டை நிறுத்தவில்லை. இங்கேயும் பாடியது, வாசலில் அவள் இடுப்பில் செருகியிருந்த போனிலிருந்தும் பாடியது.

கதவைத் திறந்தால், கல்யாணத்துக்குக் கட்டின அவளுடைய புது அரக்குச் சேலை சுடுதண்ணீரில் சாயம் விட்டிருக்கிறது. என் நாலு வேட்டியும் ரோஸ் நிறம். திட்டுத் திட்டாகக்கூட இல்லை, சீராக, முக்கி எடுத்த மாதிரி.

கவிநயாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "சுடுதண்ணியில வெச்சுட்டீங்களா மாமா? அது பெட்ஷீட்டுக்குன்னு நான் போன்ல இருந்து வெச்சதுங்க. நான் சொல்லியிருக்கோணும்."

"நீ எப்படிச் சொல்லுவே? அதுதான் மெஷின் தானாக் கத்துக்கிச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தனே."

மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கவிநயா அழுகையோடு சிரித்தாள். நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் வேட்டி காய்ந்ததும் ஒன்றை எடுத்துக் கட்டினேன். "இதையக் கட்டிக்கிட்டு எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் மரகதம். பேக்கரிக்கு என்றேன்.

ரங்கசாமி என்னை மேலிருந்து கீழே பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். வேட்டியில் காசளவு ஈரம் தெரிந்துவிடுமோ என்று தையிலிருந்து ஒளிந்து திரிந்த இடம் இது.

"என்ன அண்ணா, அருமைக்காரர் வேட்டி இந்த நெறத்துல இருக்குது?"

"மருமவ சீலையோட சேத்துப் போட்டேன். சாயம் ஒட்டிக்கிச்சு."

"நீங்களா சேத்துப் போட்டீங்க?"

"நான்தான்" என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ வந்தது. முழுசாகக் குடித்துவிட்டு இன்னொன்று சொன்னேன்.